கால்நடைப் பண்ணையின் கருவிகளும் கணினிக் கணக்கும்

(ஐயம்பேட்டையில் கூடிய சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காஞ்சிமாநகருக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையே தறியொலியால் பெயர்பெற்ற இவ்வூரில், பாவும் ஊடையும் பற்றிப் பேசுதற்குரிய இவ்வவையில், மாட்டுக் கொட்டிலையும் அதனுள் நிற்கும் இயந்திரங்களையும் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்பது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். வியப்புக்கு இடமில்லை. தறிக்கூலியை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்துதல் அரிதாகிவிட்ட இந்நாளில், தறிக்குழிக்குப் பின்புறத்தில் ஒரு கறவை மாட்டைக் கட்டி வளர்த்த வீடுகளுள் சில, ஐந்தும் பத்துமாக மாடுகளைப் பெருக்கிக் கடன் வாங்கிக் கொட்டகை போட்டிருக்கின்றன. கையால் கறந்து முடியாது என்றாகிப் பால் கறவை இயந்திரம் வந்துவிட்டது. புல் நறுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. தண்ணீர் மோட்டாரும், மின்சாரம் நின்றால் ஓட்டுதற்கு ஜெனரேட்டரும் வந்துவிட்டன. வந்த அன்று மஞ்சளும் குங்குமமும் இட்டுத் தேங்காய் உடைத்தோம். அவற்றைக் காப்பாற்றும் வழியைப் பற்றியோ ஒருவரும் ஒரு சொல்லும் கூறவில்லை. அக்குறையை ஒருவாறு தீர்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பராமரிப்பு என்னும் சொல்லுக்கு நம்மவர் பெரும்பாலும் கொண்டுள்ள பொருள் பழுதுபார்த்தல் என்பது. ஓடுகிற வரையில் ஓட்டுவது, நின்றபின் மெக்கானிக்கை அழைப்பது. ஆனால் தறியின் முன் உட்கார்ந்தால் நாம் இவ்வாறு செய்வதில்லை. அச்சின் பற்களில் ஒன்று வளைந்தால் துணியில் கோடு விழும் என்பதை அறிவோம்; ஆதலால் பாவு பிணைக்குமுன்னரே அச்சைத் தடவிப் பார்க்கின்றோம். விழுது தேய்ந்திருக்கின்றதா, நாடாவின் முனையில் பிசிறு உண்டா, ஜக்கார்டுப் பெட்டியின் கொக்கிகள் தடையின்றி ஏறி இறங்குகின்றனவா என்று பார்ப்பது நமக்கு இயல்பாகிவிட்ட வழக்கம். பழுது வருமுன் பார்க்கும் இவ்வழக்கத்தையே பொறியியலார் தடுப்புப் பராமரிப்பு என்று பெயரிட்டு நூலாக எழுதிவைத்தார்கள். தறியில் கைவந்த இக்கலை கொட்டிலில் மட்டும் ஏன் கைவரவில்லை?

காரணம் உண்டு. தறி தன் குறையை மறைப்பதில்லை. நெய்த துணியிலேயே அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். கறவை இயந்திரமோ தன் குறையை மாட்டின் மடிக்குள் ஒளித்துவைக்கும். அது வெளிப்படும்போது இயந்திரத்தின் குறையாகத் தோன்றாமல் மாட்டின் நோயாகத் தோன்றும். இதனைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன்; ஏனெனில் இவ்விடத்தில்தான் பலர் ஏமாறுகின்றனர்.

கறவை இயந்திரத்தில் ஒரு பம்பு காற்றை உறிஞ்சிக் குழாய்களில் வெற்றிடத்தை உண்டாக்குகின்றது. அவ்வெற்றிடம் மிகுதியாகவும் கூடாது, குறைவாகவும் கூடாது. பெரும்பாலான வாளிவகை இயந்திரங்களுக்குப் பாதரசக் கணக்கில் ஏறத்தாழ 13 முதல் 15 அங்குலம் வரை இருத்தல் வேண்டும். காம்பைக் கவ்வும் குவளையின் உள்ளே லைனர் எனப்படும் ரப்பர் உறை இருக்கின்றது. பல்சேட்டர் என்னும் சிறு பொறி நிமிஷத்துக்குச் சுமார் 60 முறை அவ்வுறையை விரியவும் சுருங்கவும் செய்கின்றது. விரியும்போது பால் இறங்கும். சுருங்கும்போது காம்பு அமுக்கப்பட்டு இரத்த ஓட்டம் சீராகும். கன்று ஊட்டும்போதும் இவ்வாறே இழுப்பும் ஓய்வும் மாறிமாறி வருகின்றன. குவளையை இரண்டு அறைகளாக்கி இவ்வோய்வை இயந்திரத்திற்கு அளித்தபின்னரே கறவை இயந்திரம் மாட்டுக்கு ஏற்றதாயிற்று. அதற்கு முன்னர் இடைவிடாது இழுத்த பொறிகள் காம்பைப் புண்ணாக்கி நின்றுபோயின.

இப்பொழுது பல்சேட்டரின் சிறு துளையில் தூசி அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் ஓடும், ஓசை கேட்கும், பாலும் வரும். ஓய்வு மட்டும் குறையும். அல்லது லைனரின் ரப்பர் தளர்ந்து உட்புறம் நுண்ணிய வெடிப்புகள் விட்டன என்று கொள்ளுங்கள். அவ்வெடிப்புகளில் பாலின் கொழுப்புத் தங்கிக் கிருமிகள் குடியேறும். எவ்வளவு கழுவினும் போகமாட்டா. வெற்றிடமானியின் முள் பழுதாகி 15 என்று காட்டும்போது உண்மையில் 18 இருக்கலாம். இவற்றுள் எதுவும் அன்றே தெரியாது. சில வாரங்கள் கழித்து ஒரு மாட்டின் மடி கல்லைப் போல் இறுகும். பாலில் திரி திரியாக வரும். மடிவீக்கம் என்று மருத்துவரை அழைப்போம், ஊசி போடுவார், ஊசி போட்ட நாட்களின் பாலைச் சங்கத்தில் ஊற்றலாகாது. நோய் முற்றினால் அக்காம்பு வற்றிப்போகும், மாட்டின் விலையும் வீழும். இராசி சரியில்லை என்றும், வாங்கின மாடு கெட்டது என்றும், கண்ணேறு என்றும் பேசிக்கொள்வோம். சில நூறு ரூபாய் பெறும் ரப்பர் உறையை யாரும் நினைப்பதில்லை. மடிவீக்கம் அனைத்தும் இயந்திரத்தால் வருவதன்று. அழுக்குத் தரையாலும், கறப்பவர் கையாலும், கறந்தபின் காம்பை மருந்தில் நனைக்காமையாலும் வரும். ஆயினும் இயந்திரம் வைத்த கொட்டிலில் முதலில் ஐயுற வேண்டியது இயந்திரத்தையே என்பது என் துணிபு.

சரி, லைனரை எப்பொழுது மாற்றுவது? ரப்பர் லைனருக்குப் பொதுவாகக் கூறப்படும் ஆயுள் 2500 கறவைகள். நாட்கணக்கன்று, கறவைக் கணக்கு என்பதைக் கவனியுங்கள். ஒரே குவளைத்தொகுதியால் ஐந்து மாடுகளை இருவேளை கறந்தால் நாளொன்றுக்கு 10 கறவை; 250 நாளில் ஆயுள் தீரும். பத்து மாடுகளைக் கறந்தால் 125 நாளிலேயே தீரும். எட்டு மாடுகளுள் மூன்று பால் வற்றி நின்றுவிட, பின்னர் இரண்டு கன்று ஈன, ஒன்றை விற்க, இரண்டை வாங்க, இப்படி மாறிக்கொண்டே இருக்கும் கொட்டிலில் கணக்கு என்ன ஆகும்? சுவரில் கரிக்கோடு இழுத்தும் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் குறித்தும் ஒரு மாதம் ஓட்டலாம்; ஓராண்டு ஓட்டுதல் இயலாது. பம்பின் எண்ணெய்க்கு வேறு கணக்கு, வி-பெல்ட்டுக்கு வேறு, ஜெனரேட்டருக்கு ஓடிய மணிக்கணக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு வாரக்கணக்கு. இத்தனையையும் குடும்பத் தலைவர் ஒருவரே மனத்தில் வைத்திருக்கின்றார். அவர் திருமணத்திற்காக நான்கு நாள் வெளியூர் சென்றால், கொட்டிலின் நினைவும் அவரோடு வெளியூர் சென்றுவிடுகின்றது.

இந்த இடத்திலேதான் மென்பொருள் உதவிக்கு வருகின்றது. இச்சொல்லைக் கேட்டதும் அஞ்சற்க. மென்பொருள் என்பது கணினிக்கோ கைப்பேசிக்கோ இன்னது செய், அடுத்து இன்னது செய் என்று முன்கூட்டியே எழுதிவைத்த கட்டளைத் தொகுதி. அது நமக்கு அயலானதும் அன்று. ஜக்கார்டுப் பெட்டியில் ஏறும் அட்டைகளை எண்ணிப் பாருங்கள். துளை உள்ள இடத்தில் கொக்கி எழும். துளை இல்லாத இடத்தில் எழாது. அன்னமும் மயிலும் அவ்வாறே சேலையில் இறங்குகின்றன. பிரான்சு தேசத்து ஜக்கார்டு 1804ஆம் ஆண்டளவில் நிறைவேற்றிய அவ்வட்டையைக் கண்டே, இங்கிலாந்தின் பாபேஜ் என்னும் அறிஞர் 1830களில் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கும் துளையட்டைகளால் கட்டளையிட எண்ணினார். கணினியின் குலமுறை கிளத்தினால் நடுவே ஒரு தறி நிற்கும்.

பண்ணைக் கருவிகளுக்குரிய மென்பொருள் செய்யும் வேலை மிக எளியது. முதலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயரும் எண்ணும் கொடுத்து ஏடு திறக்கின்றது: கறவை இயந்திரம் 1, புல் நறுக்கி 1, மோட்டார் 2 என்று. வாங்கிய நாள், விலை, உத்தரவாதம் முடியும் நாள், விற்றவர் தொலைபேசி எண், உறுப்புகளின் அளவு ஆகியன அவ்வேட்டில் ஏறும். பின்னர் ஒவ்வொன்றுக்கும் செய்யவேண்டிய பணியும் அதன் தவணையும் எழுதப்படும். தவணை நாட்கணக்காகவும் இருக்கலாம், கறவைக் கணக்காகவும் மணிக்கணக்காகவும் இருக்கலாம். தவணை நெருங்கினால் கைப்பேசியில் மணி அடித்து நினைவூட்டும். பணி முடிந்ததும் செய்தவர் பெயரும், நாளும், ஆன செலவும், மாற்றிய உறுப்பும் அதில் பதியும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் எந்த இயந்திரம் எவ்வளவு விழுங்கிற்று என்பது தெரியும். பழையதைத் தட்டிக்கொட்டி ஓட்டுவதா, விற்றுவிட்டுப் புதியது வாங்குவதா என்னும் வழக்குக்கும் விடை கிடைக்கும்.

இத்தகைய மென்பொருள்கள் பல உள. ஃபார்ம்ஓஎஸ் என்பது எவரும் விலையின்றி எடுத்துக்கொண்டு தம் விருப்பம்போல் திருத்திக்கொள்ளத்தக்க திறந்த மென்பொருள். விலங்கு, நிலம், கட்டடம், கருவி என ஒவ்வொன்றுக்கும் ஏடு வைத்துப் பராமரிப்புக் குறிப்பை எழுத அதில் தனி இடமுண்டு. மும்பையில் தோன்றிய ஈஆர்பிநெக்ஸ்ட் என்பதும் அவ்வாறே திறந்தது. சற்றுப் பெரிய நிலையங்களுக்கு ஏற்றது. இயந்திரங்களின் பராமரிப்புத் தவணைகளை அதில் அமைக்கலாம். மேல்நாடுகளில் மாடு தானே வந்து நிற்க, தானே கறக்கும் இயந்திரங்கள் 1992 முதல் விற்பனையில் உள்ளன. அவை தம் உறுப்புகளின் தேய்மானத்தைத் தாமே எண்ணி உரிமையாளருக்கு அறிவிக்கும். அவ்வளவு தூரம் நாம் போகவேண்டுவதில்லை. நம் ஊரில் கைப்பேசி இல்லாத வீடு அரிது. அதிலுள்ள விரிதாளும் நாட்காட்டியுமே பத்து மாட்டுக் கொட்டிலுக்குப் போதுமானவை. தேநீர்க் கடையில் பணம் செலுத்துதற்கு ஒட்டிவைத்திருக்கும் கியூஆர் குறியீட்டைப் போல், பம்பின்மீது ஒன்றை ஒட்டிவைத்தால், கைப்பேசியை அதன்முன் காட்டியதும் அப்பம்பின் ஏடு திறக்கும். ஒன்று நினைக்கத்தக்கது. இன்று நம் மாட்டின் காதில் 12 இலக்கத் தோடு தொங்குகின்றது. அதன் சினையூசியும் தடுப்பூசியும் அவ்வெண்ணின்கீழ் அரசாங்கக் கணினியில் ஏறுகின்றன. மாட்டுக்கு எண் உண்டு. அதன் மடியைப் பிடித்து இழுக்கும் இயந்திரத்துக்கு இல்லை!

இரண்டு மாடு வைத்துக் கையால் கறக்கும் வீட்டுக்கு மென்பொருள் வேண்டாம் என்று ஒளிவின்றிச் சொல்லிவிடுகின்றேன். அங்கே ஒரு நோட்டுப் புத்தகமும் எழுதத் தெரிந்த ஒரு பெண்பிள்ளையும் இருந்தால் போதும். இயந்திரம் இரண்டு மூன்றாகி, வேலை செய்வோரும் இருவர் மூவராகும்போதே அதன் தேவை தோன்றும். ஒருவர் செய்ததை மற்றவர் அறியாமற்போவதே பெரும்பாலான பழுதுகளின் தாய்.

வீட்டுக் கொட்டிலைவிட மிகுந்த அவசியம் பால் கூட்டுறவுச் சங்கத்தில் உண்டு. அதனைக் கூறுமுன் ஆனந்து என்னும் ஊரின் வரலாற்றை நினைவுகூர்தல் நலம். குஜராத்தின் கைரா மாவட்டத்தில் 1946இல் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் தோன்றியது. திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவர். ஊழியம் மிகுந்திருந்தது, இயந்திரமோ அரசாங்கப் பாற்சாலையில் கிடந்த பழஞ்சரக்கு, அடிக்கடி நின்றுபோகும். 1949இல் அவ்வரசாங்கப் பாற்சாலைக்கு உத்தியோகமாக வந்தவர் வர்கீஸ் குரியன். அவர் கோழிக்கோட்டிற் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்றவர். உழவர்களுடைய இயந்திரம் நிற்குந்தோறும் படேல் அவரை நாடுவார். அவரும் பழுதுபார்த்துக் கொடுப்பார். இறுதியில், இதனைத் தள்ளிவிட்டுப் புதிய இயந்திரம் வாங்குங்கள் என்று சொன்னவரும் அவரே. உத்தியோகத்தை விட்டு ஊர் திரும்ப இருந்தவரை, அவ்வியந்திரத்தை நிறுவிக் கொடுத்துவிட்டுப் போகும்படி படேல் வேண்டிக்கொண்டார். அப்படி நின்றவர் இறுதிவரை ஆனந்திலேயே நின்றார், அமுல் வளர்ந்தது, 1965இல் தேசியப் பால்வள வாரியமும் அங்கே தோன்றியது. வெண்மைப் புரட்சி என்று உலகம் புகழும் செயலின் தொடக்கத்தில், நின்றுபோன ஒரு பாற்பொறியும் அதனைத் திறந்து பார்த்த ஒரு பொறியாளரும் இருக்கின்றனர். ஊர்தோறும் ஒரு குரியனை அனுப்ப யாராலும் இயலாது. எந்தப் பொறி எப்பொழுது எதனால் நின்றது, யார் எவ்வாறு ஓட்டினார் என்னும் குறிப்பை ஊர்தோறும் வைத்தல் இயலும்.

நம் மாநிலத்தில் ஊர்ச் சங்கம், மாவட்ட ஒன்றியம், அவற்றுக்கு மேல் 1981இல் அமைந்த இணையம் என மூன்றடுக்காக ஆவின் நடந்துவருகின்றது. கறந்த பால் மாட்டின் உடற்சூட்டோடு, ஏறத்தாழ 38 பாகையில், வாளிக்கு வருகின்றது. அதனை மூன்று நான்கு மணி நேரத்திற்குள் 4 பாகைக்குக் குளிர்வித்தால் கிருமி பெருகாது. இதற்கென்றே பல ஊர்ச் சங்கங்களின் பாலை ஓரிடத்தில் சேர்த்துக் குளிரூட்டும் தொகுப்புப் பால் குளிர்விப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே உள்ள பெரிய எஃகுக் கலத்தின் உயிர் நான்கைந்து சிறு பொருள்களில் இருக்கின்றது. வெப்பத்தை வெளியேற்றும் கம்பிச்சட்டத்தில் தூசி படியாதிருத்தல் வேண்டும். குளிர்ப்பொருள் கசியாதிருத்தல் வேண்டும். பாலைக் கலக்கும் துடுப்பு ஓடவேண்டும். வெப்பமானி பொய் சொல்லாதிருத்தல் வேண்டும். மின்சாரம் போனவுடன் ஜெனரேட்டர் எழும்ப வேண்டும். இவற்றுள் கடைசியதே சித்திரை வைகாசியில் நம்மைக் கைவிடுகின்றது. பெரும்பாலும் டீசல் இல்லாமையால் அன்று, பாட்டரி செத்திருப்பதால். வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்திருந்தால் அது முன்னரே தெரிந்திருக்கும். ஒரு மாலைப் பொழுதின் பால் புளித்துத் திரும்பினால் அந்நஷ்டம் எத்தனை வீட்டு அடுப்பைத் தொடும் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள்.

இதற்கென உணர்கருவி பொருத்திக் குளிர்கலத்தின் வெப்பநிலையையும் மின்சார நிலையையும் தொலைவிலிருந்தே கைப்பேசியில் காணும் ஏற்பாடுகள் இன்று நம் நாட்டிலேயே செய்யப்படுகின்றன. பெங்களூரில் 2011இல் தொடங்கப்பெற்ற ஸ்டெல்லாப்ஸ் என்னும் நிறுவனம் இத்துறையில் பெயர்பெற்றது. நாமக்கல், பல்லடம் பக்கங்களில் மூடிய கோழிக்கொட்டகைகளை நடத்துவோருக்கு இத்தகைய எச்சரிக்கை மணியின் அருமை நன்கு தெரியும். கோடையில் விசிறிகள் நின்றால் கொட்டகை முழுதும் வெந்துபோக நெடுநேரம் ஆகாது. அங்கே விசிறியின் பெல்ட்டைப் பார்க்காத ஒரு வாரம், ஒரு தொகுதிக் கோழியின் விலையாக முடியலாம்.

குளிர்விப்பானினும் எனக்குக் கவலை மிகுவிப்பது சங்கத்துப் பால் பரிசோதனைக் கருவி. பாலின் விலை அதன் அளவைக் கொண்டு மட்டும் கணக்கிடப்படுவதன்று. கொழுப்பும், கொழுப்பற்ற திடப்பொருளும் எவ்வளவு என்று பார்த்துக் கணக்கிடப்படுகின்றது. அதனை அளக்கும் மின்னணுக் கருவியின் நுண்குழாயில் ஒவ்வொரு வேளையும் பாலின் படிவு சேரும். வேளைதோறும் கழுவவேண்டும், குறித்த தவணையில் அளவு அறிந்த பாலைக் கொண்டு அதனைச் சரிபார்க்கவும் வேண்டும். இவற்றைச் செய்யாவிடில் கருவி ஒருநாள் 4.2 என்றும் மறுநாள் 3.8 என்றும் காட்டும். அதே மாடு, அதே தீவனம்! விடியலில் இரண்டு லிட்டர் கொண்டுவந்து ஊற்றும் விதவைத் தாய் கருவியோடு வழக்காட முடியுமா? சங்கச் செயலாளர் ஏமாற்றுகின்றார் என்பாள், அவரும் குற்றமற்றவராயிருக்கலாம். ஐயம் பரவும், தனியார் வண்டிக்காரனுக்கு ஊற்றத் தொடங்குவார்கள், சங்கம் நலியும். குஜராத்தில் 1990களின் பிற்பகுதியிலேயே சங்கங்களில் கணினி வைத்து, அளவையும் கொழுப்பையும் விலையையும் ஊற்றுபவர் கண்முன்னே சீட்டில் அச்சிட்டுக் கொடுத்தனர். நம் சங்கங்கள் பலவற்றிலும் அது வந்திருக்கின்றது, நல்லதே. ஆனால் அச்சிட்ட சீட்டு, அளந்த கருவியின் உண்மைக்குச் சான்றாகாது. இன்று காலை கருவி கழுவப்பட்டது, சென்ற தவணையில் சரிபார்க்கப்பட்டது என்னும் வரி அதே சீட்டின் அடியில் அச்சாக வேண்டும் என்பது என் கோரிக்கை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொருமுறை அரசாங்க முத்திரை வைக்கச் சட்டம் இருக்கின்றது. அதன் நாளையும் மென்பொருளில் ஏற்றி, தவணை கடந்தால் ஊற்றுவோர் கைப்பேசிக்கெல்லாம் செய்தி போகுமாறு செய்தல் கடினமன்று. பராமரிப்புக் கணக்கு என்பது இவ்விடத்தில் பணக்கணக்கை விட்டு நீதிக்கணக்காகிவிடுகின்றது.

கட்டடத்தைப் பற்றி ஒரு சில சொற்கள். கொட்டகையின் வடிகால், கூரைத் தகட்டின் ஆணி, ரப்பர் விரிப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியன மென்பொருளில் ஏறினும் ஏறாவிடினும் கண்ணுக்குத் தெரிவன. தெரியாதது மின்சாரம். எப்பொழுதும் ஈரமான தரை, அதன்மீது இரும்புத் தூண், அதனருகே மோட்டார். நில இணைப்புக் கம்பி அறுந்திருந்தால் மாடு முதலில் அறியும். மனிதர் உணராத சிறு மின்கசிவையும் அது உணர்ந்து கறவைக்கு வர மறுக்கும், கால் உதறும். சண்டி மாடு என்று அதனை அடிப்போம். அதுவோ நமக்கு முன்னறிவிப்புச் செய்திருக்கும். மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் சிறு பெட்டி ஒன்று கடையில் கிடைக்கின்றது. அதில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அதனை அமுக்கிப் பார்க்கவேண்டும். உங்கள் நாட்காட்டியில் முதற்குறிப்பாக எதனை எழுதலாம் என்று கேட்பீராயின் இதனையே சொல்வேன். அடுத்தது, புல் நறுக்கியின் வாயிலுள்ள காப்புத் தகடு. கத்தி தீட்டும் நாளில் கழற்றிய தகட்டை மறுபடி மாட்டாமல் ஓட்டிக் கைவிரல் இழந்தவர் எத்தனையோ பேர். கத்தி தீட்டிய குறிப்பை மூடுமுன், தகடு மாட்டியாயிற்றா என்று கைப்பேசி ஒரு கேள்வி கேட்கட்டும்.

இனி, இம்முறைக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றைப் பார்ப்போம். பெரியவர் ஒருவர் சில நாளுக்குமுன் என்னிடம், "தம்பி, மாட்டைப் பார்ப்பதா, கைப்பேசியைப் பார்ப்பதா?" என்று கேட்டார். அக்கேள்வியில் நியாயம் இருக்கின்றது. காதால் பம்பின் ஓசை மாறியதை அறிபவருக்கு ஈடான மென்பொருள் இன்னும் மலிவாக வரவில்லை. அப்பெரியவர் அறிந்ததை அவர் பேரன் அறியான். அதனைக் கேட்டு எழுதிக்கொள்ளவே ஏடு வேண்டும். ஓசை மாறினால் குரலாகவே பேசிக் கைப்பேசியில் பதிவுசெய்து வைக்கலாம். எழுதத் தெரியாமை இன்று தடையாகாது.

மற்றொரு குறை இதனினும் பெரிது. செய்யாத வேலையைச் செய்ததாகக் குறித்துவிடுதல்! பத்துக் கேள்விக்கும் பத்து முறை "ஆயிற்று" என்று விரலால் தட்டிவிட்டு உறங்கப் போகும் பணியாளர் எல்லா நாட்டிலும் உண்டு. இதற்கு மருந்து, ஆம் இல்லை என்று விடைபெறும் கேள்வியைக் கேளாமல், எண்ணைக் கேட்பது. வெற்றிடமானி பார்த்தாயா என்று கேட்காதீர்; முள் எவ்வளவு காட்டியது என்று கேளுங்கள். பல்சேட்டர் நிமிஷத்துக்கு எத்தனை முறை துடித்தது என்று கேளுங்கள். பழைய லைனரின் படம் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். குறிப்பு எழுதும் வேலை மாட்டைப் பார்ப்பவரிடம் இருக்கவேண்டும்; முதலாளியின் மகன் இரவில் உட்கார்ந்து ஊகித்து எழுதும் ஏடு வெறும் காகிதப்பூ.

இன்னொன்று: வெளிநாட்டு இயந்திரத்தோடு வரும் தவணை அட்டவணை அவர்கள் நாட்டுக்கு எழுதப்பட்டது. அங்கே குளிர், இங்கே வெயில். ரப்பர் நம் வெயிலில் விரைவில் தளரும். நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றின் நீர் உப்பும் சுண்ணமும் மிகுந்தது. அந்நீரால் கழுவிய குழாயில் பாற்கல் என்னும் வெள்ளைப் படிவு சீக்கிரம் கட்டும். காரக் கரைசலோடு, தவணைப்படி அமிலக் கரைசலாலும் கழுவினால்தான் அது நீங்கும். புழுதிக்காற்று வீசும் ஆனி ஆடியில் குளிர்விப்பானின் கம்பிச்சட்டத்தை மாதம் ஒருமுறை துடைப்பது போதாது. ஆகையால் அட்டவணையை அப்படியே ஏற்காமல், ஆறு மாதக் குறிப்பைப் பார்த்து நமக்கேற்பத் தவணையைக் குறுக்கிக்கொள்ளுதல் வேண்டும். குறிப்பு இல்லாதவர் எதைக் கொண்டு குறுக்குவார்?

கடைசியாக, ஏடு யாருடையது என்பது. சில கம்பெனிகள் இயந்திரத்தோடு மென்பொருளையும் இலவசமாகத் தருகின்றன. இரண்டாண்டு எழுதியபின், வேறு கம்பெனியின் உறுப்பை வாங்க நினைத்தால் நம் ஏடு அவர்களிடம் சிறைப்பட்டிருக்கும். சந்தா கட்டாவிடில் திறவாது. ஏட்டை எந்நேரமும் முழுமையாக நம் கைக்கு இறக்கிக்கொள்ள இயலுமா என்று வாங்குமுன் கேளுங்கள். இயலாது என்றால் அம்மென்பொருள் வேண்டாம். நோட்டுப் புத்தகம் அதனினும் சிறந்தது.

சங்கத்தின் முன் ஒரு சிறு திட்டத்தை வைத்து இப்பேச்சை முடிக்கின்றேன். நம்மவருள் இயந்திரம் வைத்துக் கறக்கும் வீடுகள் சேர்ந்து ஒரே விரிதாளை வைத்துக்கொள்ளலாம். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர் ஒருவரை அதற்குப் பொறுப்பாக்கி, வாரம் ஒருநாள் வீடுவீடாகச் சென்று அளவு பார்த்து எழுதச் செய்யலாம். வீட்டுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலி கொடுக்கலாம். லைனர், வி-பெல்ட், பம்பு எண்ணெய், வாளி மூடியின் ரப்பர் வளையம் ஆகியவற்றை மொத்தமாக வாங்கிச் சங்கக் கட்டடத்திலுள்ள ஓர் அலமாரியில் வைத்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமையில் பெல்ட் அறுந்ததென்று காஞ்சிபுரத்துக்கு ஓடவேண்டியதில்லை. இதற்கு ஆகும் பணத்தைப் பற்றிக் காரியதரிசி அவர்கள் கணக்குப் பார்த்துச் சொல்வதாக இசைந்திருக்கின்றார்கள். அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும் ஒவ்வொருவரும் தத்தம் கறவை இயந்திரத்திலும் மோட்டாரிலும் பொறித்துள்ள பெயர்த்தகட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வருவார்களாயின், அன்றைக்கே ஏட்டைத் திறந்துவிடலாம். பெயர்த்தகடு அழிந்துபோன இயந்திரமாயின், வாங்கிய ரசீதைக் கொண்டுவருக; ரசீதும் இல்லையேல் லைனர் ஒன்றைக் கழற்றி எடுத்துவருக, அளந்து எழுதிக்கொள்வோம்.